உங்களுக்குத் தெரியுமா?

ஆடிக்காற்று வீசும்போது குளத்தின் மேற்பரப்பு நீர் ஒரு பக்கமும், அடிநீர் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் ஓடும்!

● செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் மேலைக்காற்று, கடையநல்லூர் வட்டாரக் குளங்களின் நீரைக் கிழக்கே தள்ளும். கரையில் முட்டிய நீர் கீழிறங்கி, அடியோட்டமாக மேற்கே திரும்பும். நிலம் கிழக்கே சரிவதால் மண்கரையும் பெரும்பாலும் அந்தப் பக்கமே. அதன் உட்புறம் கல் பாவியது இந்தக் காற்று எழுப்பும் அலைக்காகத்தான்.

● வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் புயற்காற்றால் கிழக்கு முனை நீர்மட்டம் மேற்கு முனையைவிட 2 மீட்டருக்கும் மேல் உயர்வதுண்டு.

● காற்று ஓய்ந்ததும் நீர் தொட்டில்போல் ஆடும். ஜெனீவா ஏரியில் ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 73 நிமிடம்.

● மடை திறந்திருக்கையில் அதனருகே மேலே நீர் அசையாததுபோல் தெரியலாம். அடியில் இழுவை பலமாக இருக்கும். பிள்ளைகளை அங்கே குளிக்க விடாதீர்கள்.