வேலை இடத்தில் மரியாதை

நாராயணவனம் நெசவாளர் வாழும் ஊர். தறியில், கடையில், அலுவலகத்தில் எனப் பெண்கள் எங்கும் உழைக்கிறார்கள். உழைப்பவருக்குக் கூலி வேண்டும். மரியாதையும் வேண்டும்.

விருப்பம் இல்லாமல் தொடுவது தவறு. ஆபாசமாகப் பேசுவது தவறு. "இணங்காவிட்டால் வேலை போய்விடும்" என்று மிரட்டுவதும் தவறு. இவை பாலியல் தொல்லை.

ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற பெண் அரசுத் திட்டத்தில் ஊழியராக இருந்தார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்காக 1992-இல் கொடுமைக்கு ஆளானார். பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. 1997-இல் தீர்ப்பு வந்தது. 2013-இல் சட்டமே வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். முதலாளி தன் ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்த வேண்டும். குழுவினருக்கும் பயிற்சி தர வேண்டும்.

பயிற்சி எதற்கு? எது தவறு என்று எல்லோரும் அறிய வேண்டும். யாரிடம் சொல்வது என்று பெண்கள் அறிய வேண்டும்.

சிறிய தறிக்கூடத்தில் 10 பேர் இருக்க மாட்டார்கள். வீட்டு வேலை செய்பவர் தனியாகவே இருப்பார். அவர்கள் எங்கே போவது? மாவட்டந்தோறும் ஒரு குழு உண்டு. நாராயணவனத்தார் திருப்பதி மாவட்டக் குழுவிடம் போகலாம். முதலாளியே தவறு செய்தாலும் அங்கே சொல்லலாம்.

புகாரை 3 மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். எழுதப் படித்தவர் தன் புகாரைத் தானே எழுதலாம். பக்கத்துத் தறி அக்காவுக்கும் எழுத உதவலாம்.