மட்டுவிலில் ஒரு பங்குனித் திங்கள்

யாழ்ப்பாணத்துக் கத்தரிக்காய்களுள் மட்டுவிற் கத்தரிக்காய்க்குத் தனி மதிப்புண்டு. அதன் சுவையை அறிய விரும்புவோர் பங்குனித் திங்களில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குச் செல்லல் வேண்டும்.

நண்பர் நால்வருடன் நாமும் சென்றோம். சாவகச்சேரியில் பஸ்ஸால் இறங்கி, பச்சரிசி, சர்க்கரை, தேங்காய் முதலியன வாங்கிக்கொண்டு கோயிலை அடைந்தபோது எங்கும் அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. நாமும் கல் மூன்று கூட்டிப் பொங்கினோம். கத்தரிக்காய்க் கறிக்குப் பால்விடும் பக்குவத்தை அயலடுப்பு ஆச்சி ஒருவர் சொல்லித் தந்தார்.

2000ஆம் ஆண்டுப் போரில் தென்மராட்சி மக்கள் இடம்பெயர்ந்த காலத்தில் தாம் உண்டதெல்லாம் பிறர் அடுப்புச் சோறே என்றார் அவர். மீண்டுவந்து இங்கே அடுப்பு மூட்டிய அன்றுதான் ஊர் திரும்பியதாய் மனம் நம்பிற்றாம்.

படைத்தபின் அவர் பொங்கல் எம் இலைக்கும், எமது கறி அவர் இலைக்கும் மாறின. முன்பின் அறியாதாரும் பகிர்ந்துண்ணும் இத்திருநாளை மாணவர் ஒருமுறையேனும் கண்டுவருதல் நன்று.