மேப்பிள் டோனட்டும் வெந்தயமும்

2005 அக்டோபர் கடைசியில் ஓர் இரவு, நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் காற்றெல்லாம் தித்திப்பாக மணந்தது. யாரோ பெரிய அண்டாவில் மேப்பிள் சிரப் காய்ச்சுகிற மாதிரி இருக்கிறது என்று மக்கள் மாநகராட்சியின் உதவி எண்ணுக்கு அழைத்துச் சொன்னார்கள். இரட்டைக் கோபுரத் தாக்குதலின் அச்சம் இன்னும் ஆறாத ஊர் அது. நச்சுவாயுவாக இருக்குமோ என்றுகூடச் சிலர் கலங்கினார்கள். சோதித்துப் பார்த்த அதிகாரிகள் ஆபத்தில்லை என்றார்கள். மணம் மட்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வருவதும் போவதுமாக இருந்தது. புகார்கள் எந்த எந்த இடத்திலிருந்து வந்தன, அப்போது காற்று எந்தப் பக்கம் வீசியது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, 2009 பிப்ரவரியில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் விடையை அறிவித்தார். ஆற்றுக்கு அக்கரையில், நியூஜெர்சியின் நார்த் பெர்கனில் ஃப்ரூட்டரோம் என்ற நிறுவனத்தின் வாசனைப்பொருள் ஆலை இருந்தது. அங்கே பதப்படுத்திக்கொண்டிருந்தது வெந்தயத்தை.

வெந்தயத்தில் இருக்கும் சோட்டோலோன் என்ற வேதிப்பொருள்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். கொஞ்சமாக இருந்தால் கருகத் தொடங்கும் சர்க்கரையைப் போலவும், அளவு கூடினால் மசாலாவைப் போலவும் அது மணக்கும். மேப்பிள் சிரப்பின் மணத்திலும் அதற்குப் பங்கு உண்டு. அதனால்தான் அமெரிக்காவில் மலிவாக விற்கும் செயற்கை மேப்பிள் எசென்ஸ்களில் வெந்தயச் சாறு நெடுங்காலமாக இடம்பிடித்திருக்கிறது. சியாட்டிலில் 1900-களின் தொடக்கத்திலேயே ‘மேப்பிளீன்’ என்ற எசென்ஸ் விற்பனைக்கு வந்துவிட்டது. அப்பத்தின் மேல் ஊற்றிக்கொள்ளும் ‘பேன்கேக் சிரப்’ பாட்டில்களில் பலவும் சோளச் சர்க்கரைப் பாகில் இப்படி மணமூட்டி நிறமேற்றியவை. கடையில் வாங்கும் மேப்பிள் டோனட் மேப்பிள் மரத்தையே பார்த்திராமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வீட்டில் செய்து பார்ப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அசல் சிரப் ஏன் அவ்வளவு விலை என்பதை மரத்தடியில் நின்றால்தான் புரிந்துகொள்ள முடியும். கனடாவின் கியூபெக், ஒண்டாரியோ மாகாணங்களிலும், அமெரிக்காவில் வெர்மான்ட் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களிலும் சர்க்கரை மேப்பிள் காடுகள் இருக்கின்றன. குளிர்காலம் முடியும் தறுவாயில், பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலுமாக மாறி மாறி வரும். உறைவதும் உருகுவதுமான அந்த மாற்றம் மரத்துக்குள் அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. பட்டையில் சிறு துளை போட்டால் நீர் சொட்டுகிறது. கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் அந்த நீரில் சர்க்கரை இரண்டு சதவீதம் அளவில்தான் இருக்கும். நாக்கில் விட்டால் இனிப்பு இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். அதைக் காய்ச்சிக் காய்ச்சி, சர்க்கரை 66 சதவீதத்தைத் தொடும்வரை வற்றவைக்க வேண்டும். 40 லிட்டர் நீர் வற்றி 1 லிட்டர் சிரப் ஆகும். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்த உழைப்பை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பதநீரில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு அதிகம், அந்த வகையில் பனை தாராளமான மரம்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கிருந்த பூர்வகுடி மக்கள் இந்த நீரைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தார்கள். குடியேறியவர்கள் அவர்களிடமிருந்துதான் இதைக் கற்றார்கள்.

இன்று உலகின் மேப்பிள் சிரப்பில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு கியூபெக்கிலிருந்து வருகிறது. அங்குள்ள உற்பத்தியாளர் கூட்டமைப்பு, எண்ணெய் நாடுகளைப் போல, விளைச்சல் கூடிய ஆண்டுகளில் சிரப்பைப் பீப்பாய்களில் சேமித்து வைத்து, குறையும் ஆண்டில் திறந்துவிடுகிறது. 2021-இல் மகசூல் சரிந்தபோது சுமார் 5 கோடி பவுண்டு சிரப் இந்தக் கையிருப்பிலிருந்து சந்தைக்கு வந்தது. இவ்வளவு மதிப்புள்ள சரக்கு ஓரிடத்தில் குவிந்திருந்தால் திருடன் வராமல் இருப்பானா? 2012 கோடையில் செயின்ட்-லூயி-டி-பிளாண்ட்ஃபோர்ட் என்ற சிற்றூரில் இருந்த கிடங்கில் கணக்கெடுக்கப் போன ஆய்வாளர் அடுக்கி வைத்திருந்த பீப்பாய்களின் மேல் ஏறினார். நிறைந்திருக்க வேண்டிய பீப்பாய் ஆடியது; உள்ளே ஒன்றுமில்லை. சில பீப்பாய்களில் சிரப்புக்குப் பதில் தண்ணீர் நின்றது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் கடத்தப்பட்டது சுமார் 3,000 டன், மதிப்பு 1.8 கோடி கனடிய டாலருக்கும் மேல். முக்கியக் குற்றவாளிக்கு 2017-இல் எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

டோனட்டுக்கும் மேப்பிளுக்கும் உள்ள உறவு கடை வியாபாரத்துக்கு முந்தையது. வெர்மான்ட்டில் சிரப் காய்ச்சும் காலத்தில் ஒரு விருந்து உண்டு. கொதிக்கும் கெட்டிப் பாகைப் புதுப்பனியின் மேல் ஊற்றுவார்கள். அது ஜவ்வு மிட்டாய்போல் இறுகும். முள்கரண்டியில் சுருட்டி எடுத்துத் தின்னும் அந்த இனிப்போடு தட்டில் கூடவே இரண்டு வைப்பார்கள். ஒன்று, மேலே எதுவும் பூசாத டோனட். இன்னொன்று, புளித்த வெள்ளரிக்காய் ஊறுகாய். தித்திப்பு திகட்டும்போது ஊறுகாயை ஒரு கடி கடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். விவரம் தெரிந்த ஏற்பாடு.

கடைக்கு வந்த கதை பிறகு நடந்தது. கனடாவில் ஹாக்கி வீரர் டிம் ஹார்ட்டன் 1964-இல் ஒண்டாரியோவின் ஹாமில்டன் நகரில் திறந்த டோனட் கடை, இன்று நாடு முழுக்கப் பரவிய ‘டிம் ஹார்ட்டன்ஸ்’. பழுப்புப் பாகில் தலையை முக்கி எடுத்த ‘மேப்பிள் டிப்’ அங்கே நிலையான சரக்கு. டொரண்டோ, ஸ்கார்பரோ பகுதிகளில் வாழும் ஈழத்தமிழர்களுக்கும் அந்தக் கண்ணாடி அலமாரி நன்றாகவே பழக்கம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இதே பண்டம் ஓட்டை இல்லாமல், நீள்செவ்வகமாக ‘மேப்பிள் பார்’ என்ற பெயரில் விற்கிறது. ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாண்டில் 2003-இல் தொடங்கிய ‘வூடூ டோனட்’ கடை அதன்மேல் வறுத்த பன்றி இறைச்சித் துண்டுகளை வைத்து விற்றுப் பேர் வாங்கியது. இனிப்பின் மேல் உப்பு என்பது கேட்பதற்குத்தான் விநோதம்.

இவையெல்லாம் எண்ணெயில் பொரித்தவை. வீட்டில் ஓவனில் சுடும் டோனட் வேறு ஜாதி என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 180 டிகிரி செல்சியஸில் காயும் எண்ணெய், அதே சூட்டிலுள்ள காற்றைவிடப் பல மடங்கு வேகமாக மாவுக்கு வெப்பத்தைக் கடத்தும். ஓரிரு நிமிடத்தில் மேற்புறம் சிவந்து மொறுமொறுப்பாகிவிட, உள்ளே ஈரம் தங்கிவிடும். ஓவன் காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. அதனால் ஈஸ்ட் போட்டு உப்பவைத்த மாவை வளையமாக வெட்டி ஓவனில் சுட்டால் கிடைப்பது நல்ல பன். அதை டோனட் என்று சாதிக்கக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பேக்கிங் பவுடர் போட்ட, கேக் மாதிரியான மாவு ஓவனுக்கு இன்னும் இணக்கமாக நடந்துகொள்கிறது. அதற்கென வளையக் குழிகள் கொண்ட டோனட் தட்டு கடைகளில் கிடைக்கும். இல்லையென்றால் மஃபின் தட்டு போதும், வடிவம்தான் மாறும்.

ஓட்டை அலங்காரத்துக்காக வந்ததில்லை. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தைச் சேர்ந்த ஹான்சன் கிரகரி என்ற கப்பல்காரர், 1847-இல் தான் பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது அதை முதலில் போட்டதாக முதுமையில் ஒரு பேட்டியில் சொன்னார். ஓரம் வெந்தும் நடுவில் பச்சை மாவாக நின்ற பண்டத்தைப் பார்த்து, மிளகுத்தூள் டப்பாவின் மூடியால் நடுவை வெட்டி எடுத்தாராம். உரிமை கோரியவர்கள் வேறு பலரும் உண்டு. காரணம் என்னவோ சரியானது. டோனட் தட்டின் நடுவில் எழும்பி நிற்கும் கூம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. சூடு இரண்டு பக்கத்திலிருந்தும் பாய்வதால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும்.

ஆறு டோனட்டுக்கு 125 கிராம் மைதா, 65 கிராம் பிரவுன் சுகர், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, கால் தேக்கரண்டி உப்பு, அதே அளவு துருவிய ஜாதிக்காய். பழைய பாணி அமெரிக்க டோனட்டின் அடையாள மணமே ஜாதிக்காய்தான். பட்டைத்தூள் போட்டால் அது மேப்பிளை அமுக்கிவிடும். இன்னொரு கிண்ணத்தில் ஒரு முட்டை, 120 மி.லி. கெட்டி மோர், உருக்கிய வெண்ணெய் 30 கிராம், சில சொட்டு வெனிலா. முட்டை சேர்க்காதவர்கள் அதற்குப் பதில் கால் கப் தயிர் விடலாம். மோரின் புளிப்புதான் சோடாவைப் பொங்கவைக்கிறது, ஆகவே பால் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. இரண்டையும் சேர்த்துக் கரண்டியால் கிளறும்போது உலர்மாவு கண்ணுக்குத் தெரியாமல் போன நொடியில் கையை நிறுத்திவிட வேண்டும். இன்னும் அடித்தால் குளூட்டன் இறுகி டோனட் ரப்பராகும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும்.

ஒரு பிளாஸ்டிக் பையில் மாவை நிரப்பி, நுனியைக் கத்தரித்து, வெண்ணெய் தடவிய குழிகளில் பிழிந்தால் கரண்டியால் ஊற்றுவதைவிட ஒழுங்காக விழும். முக்கால் குழியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும். முன்னதாகவே 180 டிகிரியில் சூடேற்றிய ஓவனில் ஒன்பது முதல் பதினொரு நிமிடம். விரலால் அழுத்தினால் திரும்ப எழும்ப வேண்டும். மேற்பக்கம் வெளிறியே இருக்கும். பொன்னிறமாகட்டும் என்று காத்திருந்தால் உள்ளே உலர்ந்துபோகும். நிறம் அடிப்பக்கத்தில் இருக்கிறது, அங்கேதான் பாகும் ஏறப்போகிறது.

மாவில் மேப்பிள் சிரப் சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய. காசைக் கரைப்பதற்கு எளிய வழி அது. இரண்டு மூன்று கரண்டி சிரப் மைதாவுக்குள் போனால் பிரவுன் சுகரிலிருந்து அதைப் பிரித்தறியவே முடியாது. முழுச் சிரப்பையும் மேற்பூச்சுக்கு வைத்துக்கொள்வது நல்லது. நாக்கில் முதலில் படுவது அதுதானே.

மேற்பூச்சுக்கு எந்தச் சிரப் என்பதிலும் கவனம் வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் உண்ணும் தரச் சிரப்பை நிறத்தை வைத்துப் பொன்னிறம், அம்பர், கருமை, மிகக் கருமை என்று நான்காகப் பிரிக்கிறார்கள். பருவத்தின் தொடக்கத்தில் இறங்கும் நீர் வெளிர்நிறச் சிரப்பாகும். நாள் போகப் போக வெயில் ஏறும். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் சுக்ரோஸை உடைத்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் ஆக்கும். காய்ச்சும்போது அவை சீக்கிரம் சிவந்து நிறமும் காரமான மணமும் கூடும். விலை உயர்ந்தது என்று பொன்னிறத்தை வாங்கி ஐசிங் சுகரில் கலந்தால் மணம் காணாமல் போகும். கருமை என்று எழுதிய பாட்டிலே இதற்குப் பொருத்தம். பாட்டிலின் பின்பக்கத்தில் மேப்பிள் சிரப் தவிர வேறெதாவது பொருள் எழுதியிருந்தால் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடலாம்.

120 மி.லி. சிரப்பைக் கொஞ்சம் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் 80 மி.லி. ஆகும்வரை சுண்டவைக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால்தான் வீட்டு மேற்பூச்சு வெறும் சர்க்கரையாக ருசிக்கிறது. கொதிக்கும்போது நுரை குபுகுபுவென்று பொங்கும். துளி வெண்ணெய் போட்டால் அடங்கிவிடும். காட்டில் காய்ச்சுபவர்களும் ஒரு துளி கொழுப்பை விட்டுத்தான் நுரையை அடக்குகிறார்கள். பிறகு 30 கிராம் வெண்ணெயைப் போட்டு உருகியதும் இறக்கி, சலித்த ஐசிங் சுகர் 120 கிராமையும் உப்பு ஒரு சிட்டிகையையும் சேர்த்துக் கட்டியில்லாமல் அடித்தால் மேற்பூச்சு தயார். கரண்டியிலிருந்து நாடாவாக விழ வேண்டும். இறுகினால் ஒரு கரண்டி சிரப், தளர்ந்தால் ஒரு கரண்டி சர்க்கரை. உப்பை விட்டுவிட வேண்டாம், போர்ட்லாண்ட் கடைக்காரர்கள் பன்றி இறைச்சியால் செய்ததை இங்கே அந்தச் சிட்டிகை செய்கிறது.

டோனட் ஆறியிருக்க வேண்டும், பாகு இளஞ்சூடாக இருக்க வேண்டும். மாறிப்போனால் சூடான டோனட் பாகை உறிஞ்சிக்கொள்ளும், மீதி வழிந்து தட்டில் தேங்கும். டோனட்டை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி முக்கி, லேசாகத் திருகித் தூக்கி, கம்பி வலையின் மேல் வைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே மெல்லிய ஓடுபோல் உறையும். அதற்குள் பாத்திரத்தில் மிச்சமிருக்கும் பாகு இறுகத் தொடங்கினால் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து இளக்கிக்கொள்ளலாம்.

பொடித்த வாதாம், பெக்கான் தூவ விரும்புகிறவர்கள் பாகு உறைவதற்கு முன் தூவ வேண்டும்.

சுட்ட டோனட்டில் பொரித்ததைப் போல எண்ணெய் கிடையாது, ஆகவே அது மறுநாளே உலர ஆரம்பிக்கும். பாகு பூசியதை மூடி வைத்தால் சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் காற்றில் மூடாவிட்டாலும் அதே கதைதான். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகப் பூசாமல் அன்றைக்குத் தின்னப்போவதற்கு மட்டும் பூசிவிட்டு, மற்றவற்றைக் காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரை தாங்கும். வேண்டும்போது எடுத்து, ஓவனில் 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் காட்டி, ஆறவிட்டு, புதிதாகக் கலக்கிய பாகில் முக்கலாம். சிரப் பாட்டிலைத் திறந்த பிறகு ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் பூசணம் பிடிக்கும்.