புயல் மழைக்கு முன் யூரியா வேண்டாம்: கண்மாய்க்குப் போனால் பாசிக்குத்தான் உரம்

2019 செப்டம்பரில் மண்டபம் பகுதிக் கடல் பச்சை நிறமாக மாறி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. மீனவர்கள் 'பூங்கோரை' என்று சொல்லும் நாக்டிலுகா என்ற நுண்ணுயிர் அளவுக்கு மீறிப் பெருகியதே காரணம். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்ததால் குருசடை, சிங்கில் தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளிலும் ஒரு பகுதி மடிந்தது.

கடலுக்கும் கரிசல் காட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். திருச்சுழி வழியாக ஓடும் குண்டாறு, கமுதியைக் கடந்து மூக்கையூர் அருகே இதே மன்னார் வளைகுடாவில்தான் சேர்கிறது. 2019 பாசிக்கு நம் வயல்கள்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால், புயலுக்குப் பின் கடலில் பாசி பெருகும் விதமும் கண்மாயில் பெருகும் விதமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

புயல் மழை மேல்மண்ணை அரித்து, தழைச்சத்தையும் மணிச்சத்தையும் நீர்நிலைக்குக் கொண்டு போகிறது. காற்று அடிநீரைக் கலக்கி, அடியில் கிடந்த சத்தையும் மேலே கொண்டு வருகிறது. காற்று ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, நல்ல வெயில் அடித்ததும் பாசி மளமளவென்று பெருகுகிறது. வெள்ளம் கடலை எட்டும் முன்பே கண்மாயும் ஊருணியும் அந்தச் சத்தை வாங்கிக்கொள்கின்றன.

45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. மானாவாரியில் மேலுரம் இட மழைக்காகக் காத்திருக்கிறோம், அது சரிதான். தூறலோ மிதமான மழையோ உரத்தை வேருக்குக் கொண்டு சேர்க்கும். புயல் மழையோ உரத்தை ஓடைக்குக் கொண்டு போய்விடும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

* மேகதூத் செயலியில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வானிலை அறிவுரையைப் பாருங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள்.
* மழை நின்று, தேங்கிய நீர் வடிந்தபின், ஈரம் இருக்கும்போதே பயிர் வரிசையை ஒட்டி இட்டு மண் அணையுங்கள்.
* டி.ஏ.பி.யை மேலாகத் தூவாமல், விதைப்பின்போது அடியுரமாக மண்ணுக்குள் இடுங்கள். மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு அரித்துப் போகும் சத்து.
* சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். வரப்பு உடைப்புகளை ஐப்பசி மழைக்கு முன் அடையுங்கள். பண்ணைக்குட்டை இருந்தால் வழிந்தோடும் நீரை அதில் திருப்பிவிடுங்கள்.

மழைக்குப் பிறகு கண்மாயிலோ ஊருணியிலோ பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல ஏடு படர்ந்தால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் ஈரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். காற்று இந்த ஏட்டை ஒரு கரையில் ஒதுக்கும்; ஆடு மாடுகள் அங்கே குடித்தால் ஆபத்து. அந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் நஞ்சு போகாது. மயில்துத்தம் போட்டால் பாசி செத்து, நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் இறங்கும். ஏடு மறைந்த பின்பும் சில வாரங்கள்வரை கால்நடைகளுக்குத் தொட்டியில் கிணற்று நீர் காட்டுங்கள். குடித்த ஆடு எச்சில் வடித்துத் தள்ளாடினால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய உரம் வயலில் நின்றால் மகசூல். ஒரு புயலுக்கு நான்கு நாள் பொறுத்தால் மூட்டையும் மிச்சம், ஊருணியும் மிச்சம்.