கோடையறியா நாட்டில் ஒரு கோடை நகரம்: தானா ராத்தாவும் விடுதலை விழாவும்

தமிழ் இலக்கண நூலார் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. காற்றுக்கும் அவர்கள் திசைதோறும் பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. மேல்காற்றின் பெயராகிய இச்சொல்லே வெயில் மிக்க பருவத்தின் பெயராகவும் வழங்குகிறது.

மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு இப்பாடத்தைக் கற்பிப்பது எளிதன்று. நிலநடுக்கோட்டை அடுத்துள்ள இந்நாட்டில் வேனிலும் பனியும் மாறி மாறி வருவதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்று என்னும் இரண்டே ஆண்டினைப் பகுக்கின்றன. அதிலும், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கம்பளிச் சட்டை அணிந்து பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் ‘கோடை வெயில்’ என்றால், அது கதையில் வரும் வெயிலாகவே அதற்குத் தோன்றும். ஆயினும் அப்பிள்ளை வாழும் ஊரே கோடையின் பொருட்டு உண்டாக்கப்பட்ட ஊர் என்பது வியப்பன்றோ? ஆகஸ்டுத் திங்களில் பள்ளிதோறும் கொடி கட்டும் ஆசிரியர்கள் அவ்வூரின் வரலாற்றையும் உடன் கற்பித்தல் வேண்டும். விழாவின் உட்பொருள் அவ்வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

சமநிலம் என்னும் ஊர்

‘தானா’ என்றால் நிலம். ‘ராத்தா’ என்றால் சமமானது. பகாங் மாநிலத்து மலைகளுக்கிடையே, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூருக்கு மலாய் மொழி இட்ட பெயர் இது. பகலில் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அரிது. இரவில் 15 பாகை அளவிற்கும் இறங்கும்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியை அடைந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. அவர் இதனைக் ‘கண்டுபிடித்தார்’ என்று பல நூல்கள் கூறும். ஆசிரியர் அச்சொல்லைச் சற்றுத் திருத்திச் சொல்லுதல் நலம். செமாய் முதலிய ஓராங் அஸ்லி மக்கள் அவருக்கு நெடுங்காலம் முன்னரே இக்காடுகளில் வாழ்ந்து வந்தனர், இன்றும் வாழ்கின்றனர்.

நாற்பது ஆண்டுகள் இம்மலை கேட்பாரற்றுக் கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இதனைப் பார்வையிட்ட பின்னரே, இந்தியாவில் உதகமண்டலமும் கொடைக்கானலும் இருப்பதுபோல் மலாயாவிலும் ஒரு மலைவாழிடம் அமைக்கும் முயற்சி உருப்பெற்றது. இங்கிலாந்திலிருந்து வந்த அதிகாரிகளுக்குச் சமவெளியின் புழுக்கம் பொறுக்க இயலாதிருந்தது. வேனிற்காலம் இல்லாத நாட்டிற்கு அவர்கள் தம் நாட்டு வழக்கத்தோடு கோடை ஓய்வையும் கொண்டு வந்தனர். பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து காட்டையும் பாறையையும் குடைந்து போடப்பட்ட பாதை 1931இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார்.

மலை மீது இரண்டு வாழ்வு

இவ்வாறு ஒரே மலையில் இருவகை வாழ்வு தோன்றிற்று. மேட்டில் பூந்தோட்டம் சூழ்ந்த மாளிகைகள். சரிவில் லயத்து வீடுகள். ஒருவர்க்கு இம்மலை ஓய்விடம். மற்றவர்க்கு விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும் பணியிடம். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பனியில் நனைந்து கொழுந்து பறித்தவருள் பெரும்பாலோர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் வழியாக வந்தவர்களும் அவர்தம் மக்களுமே. 1938இல் இந்திய அரசு உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் வந்தவர் தொகை சுருங்கிற்று. இருந்தவர் இங்கேயே வேரூன்றினர்.

கல்வியிலும் இவ்வேற்றுமை உண்டு. 1950களில் பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்கென இம்மலையில் ‘சிலிம்’ பள்ளி என்னும் விடுதிப்பள்ளி நடைபெற்றது. தோட்டப் பிள்ளைகளின் பள்ளியோ வேறுவகையில் பிறந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அச்சட்டத்தை ஒட்டி மலாயாவெங்கும் எழுந்த தோட்டப் பள்ளிகள் பலவும் ஓரறை, ஓராசிரியர் பள்ளிகளே. அவற்றின் வழிவந்தவையாகவே மலேசியாவில் இன்றுள்ள ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பல விளங்குகின்றன.

அக்காலத்தில் செய்தி மலையேறி வந்த வகையும் நினைக்கத்தக்கது. 1924இல் ‘தமிழ் நேசன்’, 1935இல் ‘தமிழ் முரசு’ ஆகிய இதழ்கள் தோன்றின. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, வேலை முடிந்து வந்த பலர் சூழ்ந்திருந்து கேட்பது தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. விருந்தினர் வருகையும் விளையாட்டும் மேட்டு மாளிகைக்குக் கோடைச் செய்தி. கூலி எவ்வளவு, ஊரில் மழை உண்டா, கப்பல் எப்போது என்பவையே லயத்திற்குச் செய்தி.

ஒரே தலைமுறை கண்ட நான்கு கொடிகள்

1930ஆம் ஆண்டளவில் மலாயாத் தோட்டமொன்றில் பிறந்த ஒருவர் தம் முப்பது வயதிற்குள் நான்கு கொடிகளைக் கண்டிருப்பார். இதனை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டுதல் தகும்.

முதலாவது, பிரிட்டிஷ் கொடி. ஆண்டுதோறும் மே 24ஆம் நாள் ‘பேரரசு நாள்’ கொண்டாடப்பட்டது. அது ஆண்டவரின் விழா. உழைத்தவர் அதில் வேடிக்கை பார்ப்பவரே.

இரண்டாவது, 1941 டிசம்பரில் படையெடுத்து 1945 வரை ஆண்ட சப்பானியரின் கொடி. சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர் பலர்.

மூன்றாவது, மூவண்ணக் கொடி. 1943 சூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தடைந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்திய அரசு அங்கே அறிவிக்கப்பட்டது. துரைக்கு முன் குனிந்தே நின்றவர்கள் அப்போதுதான் நிமிர்ந்து அணிவகுத்தனர். ஈப்போவைச் சேர்ந்த இராசம்மா பூபாலன், கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பன் போன்ற இளம்பெண்களோடு தோட்டத்துப் பெண்களும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். தான் ஒருமுறையும் கண்டிராத நாட்டிற்காகத் தோட்டத்துப் பெண் படைக்கலம் ஏந்தியதற்குக் காரணம் உண்டு. அவளை ஒருவர் ‘நீயும் ஒரு நாட்டினள்’ என்று அழைத்தது அதுவே முதன்முறை.

நான்காவது, மலாயாவின் கொடி. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் கோலாலம்பூர்த் திடலில் பிரிட்டிஷ் கொடி இறங்கிற்று. மலாயாக் கொடி ஏறிற்று. மறுநாட் காலை மெர்டேக்கா அரங்கில் துங்கு அப்துல் ரகுமான் விடுதலை அறிக்கையைப் படித்து, ஏழு முறை ‘மெர்டேக்கா’ என முழங்கினார்.

அக்கொடியில் அன்று பதினொரு கோடுகளும் பதினொரு முனை விண்மீனும் இருந்தன, மாநிலங்கள் பதினொன்று. 1963 செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா பிறந்தபோது சிங்கப்பூர், சபா, சரவாக் சேர்ந்தமையால் அவை பதினான்காயின. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. பதினான்காவது கோடு இன்று கூட்டரசைக் குறிக்கும். ‘ஜாலூர் கெமிலாங்’ என்னும் பெயர் கொடிக்கு 1997இல் இடப்பட்டது. கோடுகளை எண்ணச் சொன்னால், பிள்ளை வரலாற்றையும் உடன் எண்ணும்.

சொற்கள் சொல்லும் பாடம்

மெர்டேக்கா என்னும் சொல்லின் பிறப்பைத் தமிழாசிரியர் அறிந்திருத்தல் நன்று. வளமும் வலிமையும் உடையவன் எனப் பொருள்படும் ‘மகர்த்திக’ என்னும் வடசொல்லிலிருந்து இது வந்தது. மலாய்த் தீவுகளில் அடிமைத்தளை நீங்கியவனை இச்சொல்லால் குறித்தனர். பின்னர் அது நாட்டு விடுதலைக்கு ஆயிற்று. கூலிக்கு வந்து குடிமகனாகிய மக்களுக்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

வேறு இரு சொற்களும் உள. நாட்டுப் பண்ணின் பெயர் ‘நெகாராகூ’. ‘என் நாடு’ என்பது பொருள். அதிலுள்ள ‘நெகாரா’ நம் நகரமே. நமக்கு ஊராக நின்ற சொல் மலாயில் நாடாக விரிந்தது. ‘தேசம்’ என்பதோ இதற்கு மாறாக மலாயில் ‘டேசா’ ஆகிச் சிற்றூரைக் குறிக்கலாயிற்று. தேசபக்தி என்பது தன் சிற்றூரை அறிவதிலிருந்து தொடங்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்க இதனினும் எளிய வழி வேண்டுமோ?

கொடி ஏறியபின் நேர்ந்தது

விழாவைப் பற்றி எழுதுவோர் இத்துடன் நிறுத்திவிடுவர். ஆசிரியர் நிறுத்தலாகாது. விடுதலை நாளன்று கொடிக்குக் கீழே நின்றவர் அனைவரும் குடிமக்களாகிவிடவில்லை. அந்நாள் முதல் இம்மண்ணில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை பிறப்பால் கிடைத்தது. வெளிநாட்டில் பிறந்தோர் விண்ணப்பம் செய்யவேண்டும். குடியிருந்த காலத்திற்குச் சான்று காட்டவேண்டும். எழுத்தறியாத தோட்டத் தொழிலாளருக்கு அப்படிவம் மலையினும் உயரமாகத் தோன்றிற்று. ‘அடையாள அட்டைதான் இருக்கிறதே’ என்று இருந்துவிட்டோர் பலர். குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரக் குடியிருப்பாளருக்குச் சிவப்பு அட்டை என்னும் வேற்றுமை அப்போது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

1969க்குப் பின் அவ்வேற்றுமை வாழ்வையே அசைத்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் என்னும் நிலை வந்தது. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் இந்நாட்டை விட்டு இந்தியா திரும்பினர். முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த மண்ணைவிட்டு, முகம் மறந்த ஊரைத் தேடிச் சென்றவர் அவருள் பலர். சிவப்பு அட்டையோடு இன்றும் இந்நாட்டில் வாழும் முதியோர் உளர். ஒரு படிவத்தை நிரப்பித் தர அருகில் ஒரு கை இல்லாமற் போனதே பல குடும்பங்களின் துயரத்திற்கு வித்தாயிற்று. எழுதப்படிக்கக் கற்பிப்பது பிழைப்புக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் இதனை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஆசிரியர் கடன்

1970 ஆகஸ்டு 31ஆம் நாள் ‘ருக்குன் நெகாரா’ என்னும் ஐந்து நாட்டுக் கோட்பாடுகள் அறிவிக்கப்பட்டன. பள்ளி அணிவகுப்பில் பிள்ளைகள் அவற்றை மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். வண்ணந்தீட்டும் போட்டியும் கொடி கட்டுதலும் நடைபெறுகின்றன. இவை வேண்டியவையே. இவை மட்டும் போதா.

விழாத் திங்களில் மூன்று பாடங்கள் நடத்தலாம். ஒன்று, ஊரின் பெயரும் விழாவின் சொற்களும் பற்றிய மொழிப்பாடம். இரண்டு, கொடியின் கோடுகளைக் கொண்ட வரலாற்றுப் பாடம். மூன்று, வீட்டு முதியவரிடம் கேட்டெழுதும் கட்டுரை: பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தார்? எந்த வயதில் கொழுந்து பறிக்கத் தொடங்கினார்? முதல் விடுதலை நாளன்று எங்கே இருந்தார்? அடையாள அட்டை எப்போது பெற்றார்? மூன்றாவது பாடம் விரைந்து நடத்த வேண்டிய ஒன்று. தேயிலைத் தோட்டங்களில் இன்று பணியாற்றுவோர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குச் சென்றுவிட்டன. 1957ஐக் கண்ணால் கண்டோர் தொகை ஆண்டுதோறும் குறைகிறது. அவர்கள் சொல்லாமல் விட்டது எந்த நூலகத்திலும் கிடைக்காது.

கோடையை அறியாத நாட்டில் பிறர் ஓய்வுக்கென அமைந்த மலை இது. உழைத்தவரின் மக்கள் அதனைத் தம் ஊராக்கிக் கொண்டனர். தானா ராத்தாவில் கொடியேற்றும் பிள்ளை தன் பாட்டியின் கதையையும் அறிந்து அக்கொடியை வணங்குமாயின், அதுவே நிறைந்த விடுதலை விழா ஆகும்.