கையெழுத்து வாங்கிவிட்டீர்களா? வேலைத்தலத்தில் முதுமாணிச் செயற்றிட்டம் செய்வோருக்கு

வெள்ளி இரவு திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் ரயிலில், மடியில் கோப்போடு தூங்கி விழுபவர்களில் சிலர் தொழிற்சாலை உத்தியோகத்தர்கள். சனி, ஞாயிறு வகுப்பு. திங்கள் காலை மறுபடி சீனக்குடாவில் கடமை. துறைமுகத்தைச் சுற்றியுள்ள சீமெந்து ஆலைக்கும் மா ஆலைக்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் தரம் பார்க்கும் ஆட்கள் எப்போதும் வேண்டும். அவர்கள் தர முகாமைத்துவத்தில் முதுமாணி படித்தால், கடைசியில் தாம் வேலை செய்யும் இடத்திலேயே ஒரு செயற்றிட்டம் செய்ய வேண்டிவரலாம். மேற்பார்வைக்குப் பல்கலைக்கழகத்தில் ஒருவர், தொழிற்சாலையில் ஒருவர். சிக்கல் வந்தால் இருவருக்கும் நடுவில் நிற்பவர் மாணவர்தான்.

சேருமுன்

அரச பல்கலைக்கழகம் அல்லாத உள்நாட்டு நிறுவனம் பட்டம் வழங்க, 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் அங்கீகாரம் வேண்டும். வெளிநாட்டுப் பட்டமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனத்தின் விளம்பரப் பதாகை அங்கீகாரம் ஆகாது.

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பாடநெறி மட்டுமுள்ள முதுமாணி 9 ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10 ஆம் மட்டம், 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 ஆய்வுக்குரியது. ஆய்வில் ஒரு கிரெடிட் என்றால் குறைந்தது 100 மணித்தியால உழைப்பு. மொத்தம் 1,500 மணித்தியாலம். வாரம் 20 மணித்தியாலம் ஒதுக்கினாலும் 75 வாரம். "ஆறு மாதத்தில் ஆய்வேடு" என்று யாராவது ஆசை காட்டினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காசுக்கு எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் போகவே வேண்டாம். பிடிபட்டால் போவது உங்கள் பட்டம்.

தரவு யாருடையது?

சீமெந்துச் சாந்தை 40×40×160 மில்லிமீற்றர் அச்சில் வார்த்து, நீரில் வைத்து, 28 ஆம் நாள் உடைத்து வலிமை பார்ப்பார்கள். ஒரு பேச்சுக்கு, செயற்றிட்டத்துக்காகப் பழைய பதிவேட்டைப் புரட்டுகிறீர்கள். மூன்று கட்டைகள் குறைந்த சுமையிலேயே உடைந்திருக்கின்றன. "அதை விட்டிட்டு எழுதும் தம்பி" என்கிறார் மேலதிகாரி. விட்டால் ஆய்வேடு பொய். சேர்த்தால் வேலைக்கு ஆபத்து.

இதில் சட்டம் முழுக்க உங்கள் பக்கம் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேலையின் பகுதியாக உருவாக்கிய படைப்பின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழில்தருநருக்குப் போகும். தொழில் இரகசியத்துக்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆகவே முதல் தரவை எடுக்குமுன் ஒரு பக்க உடன்படிக்கை எழுதுங்கள்: எந்தப் பதிவேடுகளைப் பார்க்கலாம்; நிறுவனத்தின் பெயர் வருமா, மறைபெயரா; சமர்ப்பிக்குமுன் வாசிக்க நிறுவனத்துக்கு எத்தனை நாள்; இடமாற்றம் வந்தால் தரவுக்கு என்ன கதி; பாதகமான முடிவை நீக்கச் சொல்ல முடியாது என்ற வரி. மாணவரும் இரு மேற்பார்வையாளர்களும் ஒப்பமிட வேண்டும். நிறுவனத்தின் சார்பில் ஒப்பமிடுபவருக்கு அதற்கான அதிகாரமும் இருக்க வேண்டும்.

சக தொழிலாளரின் பிழைகளை ஆராய்ந்தால் பெயருக்குப் பதில் இலக்கம் இடுங்கள். உங்கள் பட்டத்துக்காக இன்னொருவரின் வேலை போகக்கூடாது.

நிறுவனம் கட்டணம் செலுத்தினால் பிணை ஒப்பந்தத்தை வரி வரியாக வாசியுங்கள்: எத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் முழுத்தொகையா, வருடத்துக்கு வருடம் குறையுமா?

சிக்கல் வந்தால்

வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள். மேற்பார்வையாளர் மாதக்கணக்கில் வரைவைப் பார்க்கவில்லையென்றால், திகதியிட்ட மின்னஞ்சலில் நினைவூட்டி, பாடநெறி இணைப்பாளருக்கும் பிரதி அனுப்புங்கள். அங்கும் அசையாவிட்டால் பீடாதிபதி, பிறகு துணைவேந்தர்.

கட்டணம், அங்கீகாரம், செயற்றிட்ட விதிகள் போன்றவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பரீட்சை இரகசியங்கள் போன்ற சிலவற்றை மறுக்க இடமுண்டு.

அரச பல்கலைக்கழகத்தில் பாரபட்சம் காட்டப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தை நாடலாம். உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை வழக்குக்குக் கால எல்லை ஒரு மாதம்தான், தாமதிக்க வேண்டாம். சம்பளம், பணிநீக்கம் போன்றவற்றுக்குத் தொழில் திணைக்களம் இருக்கிறது.

எழுதப்படாத பரிசோதனை நடக்காத பரிசோதனை என்று தர ஆய்வுகூடத்தில் மற்றவர்களுக்குச் சொல்பவர் நீங்கள். உங்கள் படிப்புக்கும் அதுவே விதி. அந்த ஒரு பக்கத்தை இந்த வாரமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும்.