சூட்டை விட்டுக்கொடுக்காத உலோகம்

எண்ணூரில் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “இரும்பைக் காய்ச்சி அடிக்கிறோம். விமானத்துக்குப் போகும் டைட்டானியத்தை மட்டும் ஏன் அடிக்க முடியாது?”

லேலண்டும் என்ஃபீல்டும் வளர்ந்த வட்டாரத்துக்காரர். கேட்க உரிமை உண்டு. 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்த டைட்டானியக் கலவைதான் உலகில் அதிகம் புழங்குகிறது. ஒரு கன சென்டிமீட்டர் 4.43 கிராம், எஃகு 7.85. பலத்தில் நல்ல எஃகுக்குச் சளைத்ததல்ல. கடல் உப்புக்கும் அசையாது.

வம்பெல்லாம் அதன் சூட்டில்தான் இருக்கிறது. சாதாரண எஃகு கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைத்தான் இது கடத்தும். அம்மா கடலைமிட்டாய்ப் பாகைத் தட்டில் ஊற்றியதும் ஓரம் இறுகிவிடும், நடுவில் இளகியே இருக்கும். குளிர்ந்த அச்சில் பட்ட டைட்டானியமும் அப்படித்தான். மேல்தோல் ஆறிவிடும், உள்ளிருக்கும் சூடு உதவிக்கு வராது, அடித்தால் விரிசல். சரி, இன்னும் காய்ச்சலாமா? சுமார் 995 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் படிக அமைப்பே மாறி, உலோகத்தின் படிக மணிகள் பருத்துவிடும். போதாக்குறைக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மேல்தோல் நொறுங்கும் தன்மை பெறும். அதனால் கண்ணாடிப் பூச்சு பூசிக் காய்ச்சுகிறார்கள். மிஞ்சும் கெட்ட தோலை அமிலத்தில் கரைத்தெடுக்கிறார்கள். நிறம் பார்த்து அடிக்கும் கண் இங்கே போதாது.

வழி என்ன? அச்சையும் கிட்டத்தட்ட அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, நிதானமாக அழுத்துவது. ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் 2000 டன் அழுத்த இயந்திரத்தில் இதைச் சாதித்ததாக 2021 மே மாதம் அறிவிக்கப்பட்டது. ஜாகுவார், ஹாக் விமானங்களின் அடோர் எஞ்சினில் காற்றை அழுத்தும் ஐந்து அடுக்குத் தட்டுகளையும் செய்யும் நுட்பம் அது. ஐந்தாம் அடுக்குக்கான 200 தட்டுகளை மிதானி நிறுவனம் செய்து, பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸுக்குக் கொடுத்தது.

தாதுவுக்கு நமக்குப் பஞ்சமில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இல்மனைட் என்னும் டைட்டானியத் தாது இருக்கிறது. ஆனால் உலகெங்கும் டைட்டானியத் தாதுவில் பெரும்பங்கு வெள்ளைப் பெயின்டுக்கான பொடியாகத்தான் முடிகிறது. உலோகமாக்கக் கேரளத்தின் சவறையில் உள்ள ஆலையின் திறனோ ஆண்டுக்கு 500 டன். மணலை விற்பதில் காட்டும் சுறுசுறுப்பைக் கைத்திறன் வளர்ப்பதிலும் காட்டியிருக்கலாம்.

எண்ணூர்க்காரருக்கு என் பதில்: கரி உலையில் முயலாதீர்கள். டைட்டானியக் கடைசல் துருவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் மூளும். உலர்ந்த மணலைக் கொட்டுங்கள். உங்கள் பையனுக்கு, சம்மட்டி பிடிப்பதோடு சூட்டை அளக்கவும் கற்றுக்கொடுங்கள். வடசென்னைத் தொழிற்பயிற்சி நிலையங்களும் அதைக் கற்றுத்தரட்டும்.